சாரி-புலாக்கில் எடுத்த அளவு

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை மகள் ஆய்ஜான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அனுப்பியிருந்தாள். கொண்டுவந்து சேர்த்தவர் அவள் அப்பா ஜோல்சுவேதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே தன் வேனில், டிரைவர் இருக்கைக்குப் பின்னால், ஊரார் மூட்டைகளோடு அந்தப் பொட்டலத்தையும் போட்டு நாரின் வரை ஓட்டிவந்தார். அம்மாவுக்கு அடிக்கடி தலை வலிக்கிறது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று மகள் போனில் சொன்னாள்.

அவர் மனைவி சல்கினுக்கு ஐம்பத்தொரு வயது. ஆற்றின் நீர்மட்டம் பார்த்துக் குறிப்பது அவள் வேலை. வீட்டுக்குக் கீழே பாலத்தை ஒட்டி ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலைக் காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் இறங்கிப் போய்ப் பார்ப்பாள். பனிக்கட்டி மூடிவிட்டால் கடப்பாறையால் துளை போட்டுப் பார்ப்பாள். நாரின் ஆறு எந்த மாதத்தில் எவ்வளவு ஏறும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட வீட்டில் உட்கார்ந்தபடி உத்தேசமாக எண் எழுதியதில்லை.

முதல் நாள் காலைத் தேநீர் முடிந்ததும் கருவியைத் தன் கையில் சுற்றிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு, எழுபத்து நான்கு. அவள் தலைவலிக்குக் காரணம் அது இல்லை என்று தெரிந்தது. பின்னாளில் கண்ணாடி மாற்றியதும் அந்த வலி போய்விட்டது.

"எங்க, நீங்களும் கையை நீட்டுங்க பாப்போம்" என்றாள்.

"எனக்கு எதுக்கு? நான் என்ன கிழவனா?" என்று சொல்லிக்கொண்டே ஜோல்சு சட்டைக் கையை மடித்தார். தடித்த கை. பட்டை அவர் கையைச் சுற்றிவர மாட்டேனென்றது. இழுத்துப் பிடித்து ஒட்டினாள். கருவி உறுமிக் காற்று ஏற்றியது, மெல்ல இறக்கியது.

நூற்றெண்பத்திரண்டு, நூற்றுப் பத்து.

"என்ன அது, நான் வண்டி ஓட்டுற வேகமா?" என்று சிரித்தார். "மெஷின் கெட்டுப்போச்சு. திருப்பி அனுப்பிடு."

"இப்பத்தானே என் கைல நல்லா காட்டுச்சு."

"ஒல்லிக் கைக்கு நல்லா காட்டும். ஏய், டிப்போவுல நர்ஸ் ஒவ்வொரு டிரிப்புக்கும் பாக்குறா. நூத்திமுப்பது, எண்பதுன்னு எழுதி சீல் அடிச்சுக் குடுக்குறா. அந்த சீலை விட உன் மக அனுப்பின பொம்மை பெருசா போச்சா உனக்கு?"

அவர் சொன்னது பொய்யில்லை. நாரினிலிருந்து பிஷ்கெக்குக்குப் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு நாள் போவது, மறுநாள் திரும்புவது, ஒரு நாள் ஓய்வு. இருபத்துமூன்று வருஷமாக இதுதான் அவர் வாழ்க்கை. புறப்படும் நாளில் ஒவ்வொரு டிரைவரும் டிப்போ நர்ஸிடம் கையை நீட்டி, டிரிப் ஷீட்டில் முத்திரை வாங்கினால்தான் வண்டியை எடுக்க முடியும். வழியிலிருக்கும் தோலோன் கணவாயை அவர் தாண்டாத வாரம் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார். அடுத்தவர் சொல்லும்போது மறுக்கவும் மாட்டார்.

சல்கினுக்கு மனம் ஆறவில்லை. அன்று மத்தியானமே ஊர் மருத்துவ உதவியாளர் கலிபாவைக் கூட்டிவந்தாள். கலிபா இருவரையும் விட மூத்தவள். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள் என்பதால் யாரிடமும் மரியாதை பார்த்துப் பேசும் பழக்கம் இல்லாதவள்.

"மெஷின் பொய் சொல்லுது அக்கா" என்று ஜோல்சு வாசலிலேயே ஆரம்பித்தார்.

"சொல்லலாம். பட்டை சின்னதா இருந்தா கூடத்தான் காட்டும்" என்றாள் கலிபா. அவர் முகம் மலர்ந்தது. கலிபா தன் பையிலிருந்து பெரிய பட்டை ஒன்றை எடுத்தாள். "மொதல்ல மூத்திரம் போயிட்டு வா. டீ எப்ப குடிச்ச?"

"இப்பத்தான்."

"சிகரெட்டு?"

"அதுவும் இப்பத்தான்."

"அப்ப அரை மணி நேரம் உக்காரு. நான் சல்கின்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

அரை மணி கழித்து அவரை நாற்காலியில் முதுகு சாய உட்கார வைத்தாள். இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. கையை மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தாள். அப்படியே ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னாள். அவர் கூட்டுறவுக் கடைக்காரனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வாயை மூடு ஜோல்சு. நீ பேசினாலே பத்து ஏறும்."

வலக்கை, இடக்கை இரண்டிலும் பார்த்தாள். பிறகு காதில் குழாயை மாட்டிக்கொண்டு தன் பழைய கருவியாலும் பார்த்தாள். பெரிய பட்டை போட்டதும் நூற்றெண்பத்திரண்டு குறைந்தது. நூற்றெழுபத்து நான்கு ஆயிற்று. கீழே நூற்றாறு.

"எட்டுதான் பட்டையோட பொய். மிச்சமெல்லாம் உன்னோடது" என்றாள் கலிபா.

"எனக்கு ஒண்ணுமே செய்யலியே அக்கா. தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல. எருது மாதிரி இருக்கேன்."

"இது வலிக்காது. வலிச்சா நீயே ஓடிவந்திருப்ப." சல்கின் பக்கம் திரும்பினாள். "மேல இருக்கிறது இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது எவ்வளவு அழுத்துதுங்கறது. கீழ இருக்கிறது ரெண்டு துடிப்புக்கு நடுவுல, அது ஓய்வா இருக்கும்போது. உன் புருஷனுக்கு ஓய்வுலயே நூத்தியாறு நிக்குது. வீட்டுல பாக்கறப்ப நூத்திமுப்பத்தஞ்சு, எண்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது. ஒரு நாளை வெச்சு முடிவு பண்ண வேணாம். ஏழு நாள் காலைல ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை, ஒரு நிமிஷம் இடைவெளி விட்டுப் பாரு. இந்தப் பெரிய பட்டையை நீயே வெச்சுக்க, கருவி காட்டறதை அப்படியே எழுது. அப்புறம் நாரின் டாக்டர்கிட்ட நோட்டோட போங்க."

கருவி தவறென்று நிரூபிக்கவாவது உதவும் என்று எண்ணித்தான் ஜோல்சு ஒப்புக்கொண்டார்.

அவர் ஊரில் இல்லாத வேளைகளை விட்டுவிட்டுப் பத்து நாளில் அந்த ஏழு நாளை நிரப்பினாள் சல்கின். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, மணி, எந்தக் கை, என்ன எண் என்று பென்சிலால் எழுதினாள். நூற்றெழுபத்தெட்டு. நூற்றெழுபத்தொன்று. நூற்றெண்பத்தாறு. ஒரே ஒரு மாலை மட்டும் நூற்றைம்பத்தெட்டு என்று வந்தது. அன்றைக்கு ஜோல்சு, "பாத்தியா, இறங்குது" என்று சந்தோஷப்பட்டு, உப்புப் போட்ட பால்தேநீர் நாலு கிண்ணம் குடித்தார். கலிபா உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் உப்பில்லாத தேநீரை யாரும் தேநீர் என்று நினைப்பதில்லை. சல்கின் தன் கிண்ணத்தில் முதலில் குறைத்தாள். பிறகு பானையில் குறைத்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆத்துத் தண்ணியை அளக்கச் சொன்னா அதையே கொண்டாந்து ஊத்துறியா?" என்றார்.

துவைக்கப் போட்ட கோட்டுப் பையில் டிரிப் ஷீட் ஒன்று கிடைத்தது அதற்குப் பிறகுதான். எட்டாம் தேதி காலை ஆறு இருபதுக்கு நூற்றுமுப்பது, எண்பது. நீல முத்திரை. சல்கின் நோட்டைப் புரட்டினாள். அதே எட்டாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு, அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், நூற்றெழுபத்தெட்டு, நூற்றாறு. இரண்டுக்கும் நடுவே நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

அவர் வந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு நோட்டையும் தாளையும் அருகருகே வைத்தாள்.

ஜோல்சு இரண்டையும் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய்க் காலணிக்குள்ளிருந்து ஒரு சின்ன மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பாதி காலியாக இருந்தது.

"நாக்குக்கு அடியில வெச்சுக்கணும். டிப்போவுக்குப் பின்னால கக்கூஸ் இருக்குல்ல, அங்க நின்னு வெச்சுக்குவேன். கொஞ்ச நேரத்துல இறங்கிடும். நான் மட்டும் இல்ல. நாலஞ்சு பேர் இப்படித்தான்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நர்ஸ் ஒருதடவை திருப்பி அனுப்பினா. அன்னைக்கு நம்ம டிப்போ டிரைவர் பாக்கிபெக் குடுத்தான் இதை. இதோ பாரு சல்கின், டாக்டர்கிட்ட போனா மொதல் வேலையா லைசென்ஸைத்தான் கேப்பான். வேன் இல்லாம நான் யாரு? ஆடு மேய்க்கவா போறது?"

"அந்த மாத்திரை எவ்வளவு நேரம் தாங்கும்?"

கணவாய் ஏறும்போது அது தீர்ந்துபோயிருக்கும் என்பது இருவருக்கும் புரிந்தது.

"புது வருஷம் தாண்டட்டும். இது கூட்டம் வர்ற நேரம். அப்புறம் போவோம், சத்தியமா" என்றார்.

சல்கின் சரி என்றாள். பிற்காலத்தில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் தவித்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் அவர் பத்து முறை கணவாயைத் தாண்டினார். பத்து முறையும் வண்டியில் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தெரியாத எண்ணைத் தான் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அவள் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனாள், ஏறி வந்தாள். கலிபா வழியில் பார்த்து, "டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று கேட்டபோது, "போகணும்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

நவம்பர் கடைசியில் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. நீர்மட்டம் பார்ப்பதைக் கலிபாவிடம் ஒப்படைத்துவிட்டு சல்கின் கணவரின் வேனிலேயே பிஷ்கெக் போய் இரண்டு நாள் இருந்தாள். கருவியையும் பெரிய பட்டையையும் எடுத்துப் போயிருந்தாள். மகள் வீட்டில், "கையை நீட்டுங்க" என்றபோது ஜோல்சு, "பிள்ளை முன்னாடி வேணாம்" என்று ஒதுக்கிவிட்டார்.

திரும்பும் நாள் மத்தியானம் வானம் கனத்துக் கிடந்தது. சல்கின் முன் இருக்கையில், இடப்பக்கம் ஸ்டீயரிங் பிடித்த அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாலிக்சியைத் தாண்டி, கோச்கோரைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கச் சரிவிலிருந்து சாம்பல் நிறக் குதிரை ஒன்று தன் குட்டியோடு சாலைக்கு இறங்குவதை அவள் தொலைவிலேயே பார்த்தாள். அவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் பார்க்காமல் விட்ட குதிரை உண்டா? வண்டி வேகம் குறையவில்லை. குதிரை சாலையின் நடுவுக்கு வந்துவிட்டது.

"குதிரை" என்றாள்.

அவர் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தார். பின்னால் மூட்டைகள் சரிந்தன. ஒரு குழந்தை வீறிட்டது. குதிரையின் வயிறு கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் நகர்ந்து போயிற்று.

"தூங்கிட்டீங்களா அண்ணே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"பனி கண்ணைக் கூசுது" என்றார் ஜோல்சு. வானத்தில் சூரியனே இல்லை.

சாரி-புலாக்கில் எல்லா வண்டியும் நிற்கும். அதற்கப்புறம் கணவாய்தான். தேநீர்க் கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பயணிகள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துத் தின்றார்கள். கல்பாக் தொப்பி போட்ட ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு டீச்சர், அன்று பயணியாக வந்த, பால் லாரி ஓட்டும் சாத்தார் என்ற ஆள், இன்னும் எட்டுப் பேர். ஜோல்சு வாசலில் நின்று சிகரெட் பற்றவைக்கப் போனார்.

"அதைப் பத்தவைக்காதீங்க. உள்ள வந்து உக்காருங்க" என்றாள் சல்கின். பையிலிருந்து கருவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவள் குரலில் இருந்தது என்னவென்று அவருக்குப் புரிந்தது. மறுத்தால் இவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, வந்து உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பெரியவர் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டார். "இது பிரஷர் பாக்கறதாம்மா? எனக்குப் பாரேன். ஆஸ்பத்திரிக்குப் போனா வரிசைல நிக்க வைக்கிறாங்க."

அவர் கையில் சின்னப் பட்டையைச் சுற்றினாள். நூற்றிருபத்தெட்டு, எழுபத்தாறு.

"எழுபத்தாறா? அது என் வயசாச்சே. இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மேசையே சிரித்தது. ஜோல்சு கூடச் சிரித்தார். பிறகு அவள் பெரிய பட்டையை மாற்றி அவர் கையில் சுற்றினாள். பொத்தானை அழுத்தினாள். "பேசாதீங்க" என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் அடங்கினார்கள். அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் எண் நின்றது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அழுத்தினாள். அந்த ஒரு நிமிஷமும் ஜோல்சு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கூடவே இருந்தவர் அப்படிப் பார்த்தால் என்ன கேட்கிறார் என்று தெரியாதா? காதோடு சொல் என்று கேட்டார். அல்லது குறைத்து வேறு எண் சொல் என்று.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் பெரியவர்.

"மொதல்ல இருநூத்தியெட்டு, நூத்தி இருபத்தொண்ணு" என்றாள் சல்கின், எல்லாருக்கும் கேட்கும்படி. "இப்ப இருநூத்திநாலு, நூத்திப் பதினெட்டு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எண்ணின் அர்த்தம் புரிந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். புரியாதவர்கள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். டீச்சர் தன் சின்ன மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள் டீச்சர் மெதுவாக, "நான் உங்க வண்டியில ஆறு வருஷமா வர்றேன். வேற வண்டி இருந்தாலும் உங்களுக்காக நின்னு ஏறுவேன். ஆனா இன்னைக்கு என் பிள்ளைங்களோட ஏற மாட்டேன்."

ஜோல்சு பட்டையைத் தானே பிரித்தார். சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட்டார். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்யல" என்றார். பிறகு தலை நிமிராமல், "இடது கண்ணுலதான்... நடுவுல புகை மாதிரி ஒண்ணு நிக்குது. கோடைலேர்ந்து" என்றார்.

இது சல்கினுக்குப் புதிய செய்தி. கோடையிலிருந்து. ஆறு மாதம். கலிபாவுக்குப் போன் போட்டாள். எண்ணைச் சொன்னாள், கண்ணைச் சொன்னாள், நாக்கு மாத்திரையையும் சொன்னாள். கலிபா திட்டவில்லை. அவள் திட்டாததுதான் பயமாக இருந்தது.

"கணவாய் ஏறாத. நாரின் வரைக்கும் வரணும்னு இல்ல. கோச்கோர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போ, இப்பவே. அவனை ஓட்ட விடாத. கை கால் மரத்துப்போனா, வாய் கோணினா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அந்த நாக்கு மாத்திரையை நீயா குடுக்காத. மளமளன்னு இறங்கறதும் ஆபத்துதான். டாக்டர் பாத்து இறக்கட்டும்."

பால் லாரி சாத்தார் எழுந்து நின்றார். "எங்கிட்ட பெரிய வண்டி லைசென்ஸ் இருக்கு. மாசம் எட்டுத் தடவை இந்தக் கணவாய்தான். அண்ணன் நம்பினா நான் கொண்டுபோய் டிப்போவுல விட்டுடறேன்."

ஜோல்சு சாவியை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை. "ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கிளட்சை முழுசா மிதிக்கணும். மேல ஏறினதும் டயருக்குச் சங்கிலி கட்டிடு, பனி விழட்டும்னு காத்திருக்காத" என்றார். "சரிண்ணே" என்றார் சாத்தார். சாவி கை மாறியது.

கடைக்காரரின் தம்பி தன் காரில் அவர்களைக் கோச்கோருக்கு அழைத்துப்போக ஒத்துக்கொண்டார். கார் திரும்பும்போது வேன் எதிர்ப்பக்கம் கிளம்பியது. யாரோ ஓட்ட, தன் வண்டி தன்னை விட்டுவிட்டுப் போவதை ஜோல்சு பின்கண்ணாடி வழியே பார்த்தார். அது வளைவில் மறையும் வரை கழுத்தைத் திருப்பியபடியே இருந்தார். சல்கின் அவர் கையைத் தொட்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கோச்கோரில் டாக்டர் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இடது கண்ணின் பின்புறம் ரத்தம் கசிந்திருந்தது. வலது கண்ணிலும் நாளங்கள் நசுங்கத் தொடங்கியிருந்தன. "மூளைல கசிய வேண்டியது கண்ணுல கசிஞ்சிருக்கு" என்று அந்த டாக்டர் எளிமையாகச் சொன்னார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மெல்ல மெல்ல இறக்கினார்கள். அந்த ஒன்பது நாளில் ஜோல்சு நர்ஸ்களிடம் பேசினார், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசினார், சல்கினிடம் மட்டும் பேசவில்லை. அவள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தார். கிண்ணத்தைக் கையில் கொடுக்காமல் கட்டிலோரம் வைத்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு டிப்போவில் இன்னும் மோசம். சாத்தார் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோதே கதை பரவிவிட்டது. நர்ஸ் எல்லா டிரைவர்களையும் சாகப்போகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு தடவை, கால் மணி இடைவெளி விட்டுப் பார்த்தாள். நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினாள். கடைத்தெருவில் பாக்கிபெக் சல்கினைப் பார்த்ததும் உரக்கச் சொன்னான்: "வழி விடுங்கப்பா, பிரஷர் போலீஸ் வருது. இந்த அக்கா புருஷனையே பிடிச்சுக் குடுத்தவங்க."

அவள் நின்றாள். "உன் பிரஷர் எவ்வளவு பாக்கிபெக்?" என்று கேட்டாள், கிண்டலாக இல்லை. அவன் முகம் மாறியது. மூட்டையைத் தூக்கத் திரும்பிக்கொண்டான்.

ஜோல்சு இனிமேல் பயணிகள் வண்டியை ஓட்டக் கூடாது என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தது. ஜனவரி முழுக்க ஜோல்சு வீட்டில் சும்மா கிடந்தார். மாத்திரைகளைத் தவறாமல் போட்டுக்கொண்டார். காலையில் தானே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கையைச் சுற்றிக்கொள்வார். எண்ணைச் சொல்ல மாட்டார். நோட்டில் எழுதிவிட்டு வெளியே போய்விடுவார். அவர் போன பிறகுதான் சல்கின் பார்ப்பாள். நூற்றைம்பத்தாறு. நூற்றைம்பது. பிப்ரவரியில் நூற்றுமுப்பத்தெட்டு. டாக்டர் மாத்திரையைக் கூட்டிய பிறகு நூற்றுமுப்பத்திரண்டு, எண்பத்து மூன்று.

ஒருநாள் அவள் ஆற்றிலிருந்து ஏறி வந்தபோது அவர் கடப்பாறையை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவிவைத்துவிட்டு வாசலில் நின்றார்.

"அங்க எதுக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அவளிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. "என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"தனியா ஒருதடவை சொன்னேனே" என்றாள். "நீங்க புது வருஷம்னீங்க. நான் சரின்னேன். மறுபடி தனியா சொல்லியிருந்தா நீங்க இன்னொண்ணு சொல்லியிருப்பீங்க, நான் மறுபடி சரின்னு சொல்லியிருப்பேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்ல."

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த டீச்சரோட பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்? சின்னவளுக்கு?"

"நாலு இருக்கும்."

"ம்" என்றார். உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். உப்பு கம்மியாகத்தான் இருந்தது.

மார்ச் மாதம் வேனை விற்றார். இஸிக்-குல் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞன் வாங்க வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குங்களா அண்ணே?" என்று சம்பிரதாயமாகக் கேட்டான். ஜோல்சு அவனை உட்காரவைத்து, இரண்டாவது கியரிலிருந்து கதவுக்கீலில் வந்திருக்கும் துரு வரை எல்லாக் குறையையும் வரிசையாகச் சொன்னார். அவன் பயந்துபோய் ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள்தான் வாங்கிப்போனான்.

ஏப்ரலில் பிஷ்கெக்கில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. பாக்கிபெக்கின் வண்டியில் இடம் பிடித்தார்கள். அவன் அவர்களை முன்னால் உட்காரச் சொன்னான். ஏறும்போது சல்கினிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நான் டாக்டர்கிட்ட போயிட்டேன்க்கா. நூத்தி நாப்பதுக்கு வந்திருக்கு" என்றான்.

கணவாயில் பனி உருகிச் சாலையோரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜோல்சு சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்துவதை சல்கின் கவனித்தாள். அங்கே பிரேக் எதுவும் இல்லை. உச்சி வரைக்கும், உச்சியிலிருந்து இறங்கும்போதும் அந்தக் கால் அழுத்திக்கொண்டே வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாரி-புலாக் வந்தபோது திரும்பிப் பார்த்தாள். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

"டீக்கு நிறுத்தவாக்கா?" என்று கேட்டான் பாக்கிபெக்.

"வேணாம். போ" என்றாள்.